வெள்ளி நாணயமும் விற்பவர் நாணயமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, கல்லூரியின் வளர்ச்சி, பழைய அதிபர்களின் தொண்டு, விளையாட்டுத் துறையிற் பெற்ற வெற்றிகள் என்பன பற்றி எழுத எம்மினும் தக்கார் பலர் உளர் என்பதை நாம் அறிந்திருந்தோம். ஆதலின் பலரும் சிறிதென எண்ணி ஒதுக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். பழைய வெள்ளி நாணயங்களை இணையவழி ஏலத்தில் வாங்கும் வழக்கம் நம் பழைய மாணவரிடையே பெருகி வருகின்றது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளார் மாத்திரமன்றி, இலண்டன், ரொறன்ரோ, சிட்னி முதலிய நகரங்களில் வாழ்வாரும் இதில் ஈடுபட்டுள்ளனர். நாணயங்களில் எமக்குள்ள பழைய விருப்பத்தை அறிந்த நண்பர்கள் கைத்தொலைபேசியிற் படத்தை அனுப்பி, "இது நல்லதோ, கேட்கலாமோ?" என வினவுகின்றனர். ஏலம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே இவ்வினா பெரும்பாலும் வருகின்றது. அரை மணி நேரத்திற் கூறமுடியாத விடையை இங்கே ஆறுதலாகக் கூற விழைகின்றோம்.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். பழைய நாணயம் வாங்குதல் குற்றமன்று. வீண் ஆடம்பரமும் அன்று. ஆயின் விலை கேட்குமுன் வினாக் கேட்கத் தெரியாதவன் இவ்வேலத்துள் இறங்கலாகாது. அவன் இழப்பது தன் பணத்தை மாத்திரமன்று. நம் எல்லோர்க்கும் உரிய வரலாற்றின் ஒரு துண்டையும் அவன் அழிக்கக்கூடும்.

இவ்விருப்பம் ஏன் எழுகின்றது என்பதை ஆராய்தல் நன்று. இலங்கையில் 1872ஆம் ஆண்டு ரூபாயும் சதமும் கொண்ட நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் இத்தீவுக்கெனத் தனி வெள்ளி ரூபாய் அடிக்கப்படவில்லை. இந்திய வெள்ளி ரூபாயே இங்கும் வழங்கியது. விக்ரோறியா மகாராணியாரின் முகமும், பின்னர் ஏழாம் எட்வேட், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர்களின் முகமும் பொறித்த அந்த ரூபாய்கள் நம் வீடுகளிற் பெட்டகத்தின் அடியிலே துணியில் முடிந்து வைக்கப்பட்டிருந்தன. பாட்டிமாரின் கொட்டைப்பெட்டிக்குள் பாக்குச் சீவலோடு ஒன்றிரண்டு கிடந்ததைக் கண்டவர் நம்முள் இன்னும் இருக்கின்றனர். பெரும்பாலானவற்றைப் பொற்கொல்லரின் உலை உண்டது. எஞ்சியவற்றுட் பல, போர்க்காலத்து இடப்பெயர்வுகளில், சிறப்பாக 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு விட்டுப் போனபோது, திரும்பப் பெறமுடியாதவாறு போயின. இன்று கனடாவில் வாழும் ஒரு பேரன், தன் பாட்டியின் கையில் இருந்தது போன்ற ஒரு ரூபாயைத் தன் கையில் வைத்துப் பார்க்க விரும்பினால், அவ்விருப்பத்தை யார் குறைகூறுவர்? அது பேராசையன்று, ஒருவகைப் பாசம். வஞ்சகன் கண்வைப்பதும் அப்பாசத்தின் மீதே. ஆசையுள்ளவன் விலையைச் சிறிது ஆராய்வான்; பாசமுள்ளவன் அதையும் மறந்துவிடுவான்.

பிறரைப் பற்றிக் கூறுமுன் எமது அறியாமையையும் கூறிவிடுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணைய ஏலத்தில் 1882ஆம் ஆண்டு பொறித்த விக்ரோறியா ரூபாய் ஒன்றைக் கண்டோம். படத்தில் மகாராணியாரின் முகம் தெளிவாக இருந்தது. பின்புறத்தின் படம் சற்று மங்கல், விளிம்பின் படம் இல்லை, நிறை குறிக்கப்படவில்லை. விற்பவர் யார், அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவை ஒவ்வொன்றையும் நாம் கண்டோம். கண்டும் கேளாது விட்டோம். கடைசிப் பத்து நிமிடத்திற் பதின்மூன்று முறை விலையை உயர்த்திக் கேட்டோம். ஒரு முறையேனும் ஒரு வினாக் கேட்டோமில்லை. பொதி வந்து சேர்ந்தது. மேசைமீது சுண்டியபோது எழுந்த ஒலி மழுங்கியதாக இருந்தது. தராசில் இட்டபோது 10 கிராமே நின்றது. வெள்ளி ரூபாயின் நிறை 11.66 கிராம்.

இவ்விடத்தில் நமது கல்லூரி ஆய்வுகூடத்தை நன்றியுடன் நினைக்கின்றோம். ஆக்கிமிடீசின் தத்துவத்தை அங்கே படித்தபோது, இதனால் வாழ்க்கையில் என்ன பயன் என்று பின் வாங்கில் இருந்து முணுமுணுத்தவருள் நாமும் ஒருவர். அன்று இரவு ஒரு குவளை நீரைத் தராசின்மேல் வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொணர்ந்து, நாணயத்தை நூலிற் கட்டிக் குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாதவாறு நீருள் முழுவதும் அமிழ்த்தினோம். தராசு 1.12 கிராம் காட்டியது. அதுவே நாணயத்தின் கனவளவு, கன சென்ரிமீற்றரில். பத்தை இதனால் வகுக்க அடர்த்தி 8.9 என வந்தது. செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தின் அடர்த்தி அது. நல்ல ரூபாய்க்கு 10.3 அளவில் வருதல் வேண்டும். மகாராணியார் போலி, அவருக்கு நாம் கொடுத்த பணம் மாத்திரம் மெய்.

இந்த இழப்பினால் நாம் கற்றவற்றை மாணவர்க்கும் நண்பர்க்கும் பயன்படுமாறு ஒருவாறு வகுத்துக் கூறுவோம்.

முதலாவது, வாங்க விரும்பும் நாணயத்தைப் பற்றிய அறிவு. பொருளை அறியாதவனுக்குப் படமும் உதவாது, தராசும் உதவாது. இந்திய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 180 கிறெயின் நிறையுடையது. இந்நிறை 1835ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழுங்காக்கப்பட்டது. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. எனவே ஒரு ரூபாயுள் ஏறத்தாழ 10.69 கிராம் தனி வெள்ளி உண்டு. 1939 வரை இவ்விதி நிலைத்தது. 1940 தொடக்கம் 1945 வரை அடித்த ரூபாய்களில் வெள்ளி பாதியே. 1947இல் வெள்ளி அறவே நீங்கி நிக்கல் வந்தது. இதனை அறியாதார் 1918ஆம் ஆண்டு ரூபாயையும் 1944ஆம் ஆண்டு ரூபாயையும் ஒரே விலைக்குக் கேட்கின்றனர்.

இலங்கையின் 10, 25, 50 சத வெள்ளி நாணயங்கள் 1892இல் தோன்றின. அவற்றில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி. 1919 தொடக்கம் அது 550 பங்காகக் குறைந்தது. ஆகவே 50 சதம் இரண்டை அருகருகே வைத்தால், பருமனும் நிறையும் ஒத்திருக்க, உள்ளே இருக்கும் வெள்ளி பெரிதும் வேறுபடும். 1957இல் புத்த ஜயந்தியின் நினைவாக வெளியிட்ட ஐந்து ரூபாய் நாணயம் 28.28 கிராம் நிறையுடையது. அதில் 925 பங்கு வெள்ளி. இத்தகைய செய்திகளைத் திரட்டி வைத்துக்கொள்ள ஒரு சிறு கொப்பி போதும். இன்னும் ஆழமாகக் கற்க விரும்புவார்க்கு, எச். டபிள்யூ. கொட்றிங்டன் அவர்கள் இலங்கையின் நாணயங்களையும் செலாவணியையும் பற்றி எழுதி 1924இல் வெளியான ஆங்கில நூல் இன்றும் துணையாகும். முதலில் நூல், பின்னரே நாணயம் என்பது நாம் பணங் கொடுத்துக் கற்ற பாடம்.

இரண்டாவது, விலை. ஒரு பழைய நாணயத்துக்கு இரு விலைகள் உண்டு. ஒன்று அதன் உள்ளிருக்கும் வெள்ளியின் விலை. மற்றையது அதனைச் சேர்ப்போர் மதிக்கும் விலை. முன்னையதை எவரும் கணக்கிடலாம்: அன்றைய நாளில் ஒரு கிராம் வெள்ளி என்ன விலையோ, அதனை 10.69 ஆற் பெருக்கினால் ரூபாயின் வெள்ளி விலை வரும். பின்னையது, அந்த ஆண்டில் எத்தனை அடிக்கப்பட்டன, எத்தனை எஞ்சின, கைபட்டுத் தேய்ந்ததா தேயாததா என்பவற்றால் அமையும். பழமை ஒன்றே விலையை உயர்த்தாது. விக்ரோறியா காலத்து ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை எளிதிற் கிடைப்பன. மாறாக, 1939ஆம் ஆண்டு ரூபாய் கிடைத்தற்கரியது. அதனாலேயே 1938 என்பதன் கடைசி இலக்கத்தைச் செதுக்கி 1939 ஆக்கும் வேலையும் நடைபெறுகின்றது. "மிக அரியது" என்ற சொல் எங்கெல்லாம் வருகின்றதோ, அங்கெல்லாம் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

நாணயத்திற் பொறித்த ஆண்டும் எப்போதும் அடித்த ஆண்டன்று. ஒஸ்திரியாவின் மரியா தெரேசா அரசியாரின் பெரிய வெள்ளி நாணயம் 1780 என்னும் ஆண்டைத் தாங்குவது. அவ்வரசியார் அந்த ஆண்டிலேயே காலமானார். ஆயினும் அரபு நாடுகளிலும் கிழக்கு ஆபிரிக்காவிலும் வணிகர் அதனையே விரும்பிக் கேட்டமையால், அதே ஆண்டைப் பொறித்துப் பல நாட்டு அக்கசாலைகள் இருபதாம் நூற்றாண்டிலும் அடித்துக்கொண்டிருந்தன. இது போலியன்று, நல்ல வெள்ளியே. ஆயின் இதனை 1780இல் அடித்ததென நம்பி விலை கொடுப்பவன் ஏமாறுகின்றான்.

மூன்றாவது, பரிசோதனை. ஏலத்தில் நாணயம் நம் கையில் இல்லை, படமே உளது. ஆதலின் படங்களைக் கேட்டுப் பெறுதல் நமது உரிமை. முகம், பின்புறம், விளிம்பு ஆகிய மூன்றின் படமும், தராசின்மேல் நாணயம் இருக்கும் படமும் வேண்டும் எனக் கேட்க வேண்டும். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடுமாயின், அச்சில் அடித்ததன்று, இரு பாதியாக வார்த்து ஒட்டியது என ஐயுறலாம். புலத்தில் ஊசிமுனை போன்ற சிறு குழிகள் பரந்திருப்பதும் வார்ப்பின் அடையாளம். வருணனையில் "வெள்ளி நிறம்", "வெள்ளிப் பூச்சு", "மாதிரி" என்னும் சொற்கள் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடிப் படித்தல் வேண்டும். விற்பவர் ஒளிக்கவில்லை, வாங்குபவரே படிக்கவில்லை என்று பின்னர் வழக்குத் தோற்கும்.

பொருள் கைக்கு வந்தபின், நிறை, விட்டம், அடர்த்தி ஆகிய மூன்றையும் பார்த்தல் வேண்டும். தேய்வினால் நிறை சிறிது குறையலாம். ஒன்றரைக் கிராம் குறையாது. காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியன்று என்பது உறுதி. ஒட்டாவிடின் வெள்ளி என்பது உறுதியன்று. செம்பும் பித்தளையும் ஈயமும் கூடக் காந்தத்தில் ஒட்டா. அமிலம் இட்டுப் பார்த்தல், அரத்தால் உரசிப் பார்த்தல் ஆகியவை நல்ல நாணயத்தையும் கெடுப்பன. எல்லாவற்றினும் மேலாக, பழைய நாணயத்தைத் துலக்கலாகாது. தீபாவளிக்குக் குத்துவிளக்கைப் புளியிட்டு மினுக்குவது போல நாணயத்தையும் மினுக்கிவிட்டு, "இப்போது எவ்வளவு அழகு!" என்று படம் அனுப்பிய அன்பர் ஒருவரை நாம் அறிவோம். நூறாண்டுக் காலம் அதன்மேற் படிந்த கருமையே சேர்ப்போர் விரும்பும் அழகு. துலக்கியதனால் அவர் இழந்தது விலையிற் பாதிக்கு மேல்.

தேர்ந்த நிறுவனங்கள் நாணயத்தை ஆராய்ந்து, தரங் குறித்து, நெகிழி உறையில் முத்திரையிட்டுத் தருவதுண்டு. அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. ஆகிய இரண்டும் இவற்றுட் பெயர்பெற்றன. விலையுயர்ந்த நாணயம் வாங்குவார் இத்தகைய உறையில் இருப்பதையே தேடுதல் நன்று. ஆயின் நாணயத்தைப் போலி செய்யத் தெரிந்தவனுக்கு உறையைப் போலி செய்வது அரிதன்று. உறையிலுள்ள இலக்கத்தை அந்நிறுவனத்தின் ஏட்டிலே ஒப்புநோக்கி, அங்குள்ள படமும் இதுவும் ஒன்றா எனப் பார்த்த பின்னரே நம்புதல் வேண்டும்.

போலித் தொழில் இன்று தோன்றியதன்று. 1772 தொடக்கம் 1830 வரை வாழ்ந்த பெக்கர் என்னும் ஜேர்மானியர் பழைய கிரேக்க, உரோம நாணயங்களுக்குத் தம் கையால் அச்சு வெட்டிப் பேரறிஞரையும் ஏமாற்றினார். புதிய நாணயத்துக்குப் பழமை ஏற்ற, இரும்புத் துகளும் கொழுப்பும் நிறைந்த பெட்டியொன்றில் அவற்றை இட்டுத் தம் வண்டியின் அடியிற் கட்டி, கரடுமுரடான வீதியில் ஓட்டிச் செல்வார் எனக் கூறுவர். அன்று ஒருவருக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. இன்று இயந்திரம் ஒரு நாளில் ஆயிரம் செய்கின்றது. இணையம் அதனை ஒரே இரவில் ஆயிரம் வீட்டுக்குக் காட்டுகின்றது.

சைவ மக்களாகிய நாம் சிறப்பாகக் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. இராமர் பட்டாபிடேகம், அனுமான் முதலிய உருவங்களை ஒருபுறமும், கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரையும் 1818 முதலிய ஆண்டுகளையும் அணாக் கணக்கையும் மறுபுறமும் பொறித்த வில்லைகள் ஏலங்களில் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவை கம்பனி வெளியிட்ட செலாவணி நாணயங்கள் அல்ல. பிற்காலத்தார் செய்து விற்றவை. பூசையறையில் வைத்து வணங்குவார் வணங்கட்டும். அதில் எமக்கு மறுப்பில்லை. ஆயின் இலட்சக்கணக்கில் விலைபோகும் நாணயம் என்றும், அரிசியை இழுக்கும் ஆற்றல் உடையது என்றும் கூறுவாரை நம்பிப் பணம் இழத்தல் பக்தியாகாது.

நான்காவது, நம் மனத்தின் நிலை. நம் ஊரிற் கோயில் வாழைக்குலையை ஏலங் கூறும்போது, சந்தையில் அது என்ன விலையென யாரும் பார்ப்பதில்லை. கூடக் கொடுப்பது சுவாமிக்குப் போகின்றது என்பதால் மனமும் நோவதில்லை. அதே மனத்தோடு இணைய ஏலத்தில் இருப்பவன் கெட்டான். அங்கே மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும். "உம்மை ஒருவர் முந்திவிட்டார்" என்று செய்தி வரும். நாணயத்தை விட்டு, அந்த முகம் தெரியாத ஒருவரை வெல்வதே நோக்கமாகிவிடும். அவ்வொருவர் விற்பவரின் நண்பராகவோ, வேறு பெயரில் விற்பவராகவோ கூட இருக்கலாம். பொய்க்கேள்வி கேட்டு விலையை ஏற்றுதல் ஏலம் தோன்றிய காலந்தொட்டே உள்ள சூது.

இதற்கு மருந்து எளிது. ஏலம் முடியும் நாளுக்கு முன்பே, அதேபோன்ற நாணயங்கள் அண்மையில் என்ன விலைக்கு விற்றுத் தீர்ந்தன எனப் பார்த்தல் வேண்டும். விற்பவர் கேட்ட விலையையன்று, உண்மையில் விற்ற விலையைப் பார்த்தல் வேண்டும். பின்னர் நமது உச்ச விலையைத் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். ஏல நிலையத்தின் தரகு, தபாற் செலவு, காப்புறுதி, சுங்க வரி ஆகியனவும் அவ்விலைக்குள் அடங்குதல் வேண்டும். பல ஏலங்களில் நமது உச்ச விலையை முன்னரே கொடுத்துவிட்டால், போட்டிக்கு ஏற்றவாறு அதுவே படிப்படியாக நமக்காகக் கேட்கும். கொடுத்துவிட்டுத் தொலைபேசியை மூடிவிட்டு உறங்கச் செல்லலாம். பதறாத காரியம் சிதறாது என நம் முன்னோர் சொன்னது இதற்கு மிகப் பொருந்தும். தவறிய நாணயம் இன்னொரு நாள் வரும். தவறாக வாங்கியது என்றும் வீட்டிலே கிடக்கும்.

ஐந்தாவது, விற்பவர். நம் மொழியில் "நாணயம்" என்னும் சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத தன்மையையும் குறிக்கும். பின்னைய நாணயம் இல்லாதவரிடம் முன்னையதை வாங்கலாகாது. அவர் எத்தனை ஆண்டு விற்று வருகின்றார், முன் வாங்கியோர் என்ன கூறுகின்றனர், பொருள் பிழையாயின் திருப்பி எடுப்பாரா, கேட்ட வினாவுக்கு நேராக விடை தருகின்றாரா என்பனவற்றைப் பார்த்தல் வேண்டும். ஏலத்துக்குப் புறம்பாகத் தனியே பணம் அனுப்பினால் விலை குறைத்துத் தருவேன் என்பவரை அக்கணமே விட்டு விலகுதல் வேண்டும். ஏல நிலையம் தரும் பாதுகாப்பு அதனால் நீங்கிவிடும்.

விற்க எண்ணுவாரையும் வஞ்சகர் விடுவதில்லை. உம்மிடமுள்ள பழைய காசைப் பெருந்தொகைக்கு வாங்குகின்றோம், முதலிற் பதிவுக் கட்டணமும் வரியும் அனுப்புக என விளம்பரம் செய்வர். இந்திய றிசேவ் வங்கியின் பெயரைக் காட்டியே இம்மோசடி நடந்தமையால், 2021 ஓகஸ்டில் அவ்வங்கி தனக்கும் இத்தகைய கொடுக்கல் வாங்கல்களுக்கும் தொடர்பில்லை என மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. வாங்குபவன் விற்பவனிடம் முற்பணம் கேட்பது எந்தச் சந்தையிலும் இல்லாத வழக்கம் என்பதை நினைத்தாலே போதும்.

இதுகாறும் கூறியவை பணப்பையைக் காக்கும் வழிகள். இனிக் கூறுவதே எமது உள்ளத்தை அழுத்துவது.

ஏலங்களில் விக்ரோறியா ரூபாயோடு அதனினும் மிகப் பழையனவும் வருகின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள், தூண்டில் போல வளைத்த வெள்ளிக் கம்பியாகிய லாரின் காசுகள் ஆகியவை "இலங்கையிற் கண்டெடுத்தவை" என்ற குறிப்போடு விற்கப்படுகின்றன. எங்கே, யார், எப்போது கண்டெடுத்தனர் என்ற குறிப்பு மாத்திரம் இராது. நமது நாட்டின் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருள் எனக் கொள்கின்றது. அவற்றை அனுமதிப் பத்திரம் இன்றி நாட்டை விட்டு அனுப்புதல் குற்றம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டமோ நூறாண்டு நிறைந்த நாணயத்தையும் தொல்பொருளாகக் கொண்டு, தனியார் அதனை நாடு கடத்துவதைத் தடுக்கின்றது. ஆகவே சென்னையிலோ மும்பாயிலோ உள்ள ஒருவரிடமிருந்து எட்வேட் மன்னர் ரூபாயைத் தபாலில் வரவழைப்பவர், நல்ல வெள்ளி பெற்றும் சட்டத்துக்கு மாறானவர் ஆகலாம். அந்நாணயம் இலண்டனில் உள்ள ஒருவரின் பழைய சேகரத்திலிருந்து வருமாயின் நிலை வேறு. இதனாலேயே "எங்கிருந்து வந்தது?" என்னும் வினாவை நாம் முதல் வினாவாக வைக்கின்றோம்.

சட்டத்தைக் காட்டிலும் பெரிய காரணமும் உண்டு. 1917 தொடக்கம் 1919 வரையான ஆண்டுகளிற் போல் பீரிஸ் அவர்கள் கந்தரோடையை ஆராய்ந்து எழுதியபோது, நம் குடாநாட்டின் பழைமைக்கு அங்கே கிடைத்த நாணயங்களும் சான்றாயின. அவை சான்றானமைக்குக் காரணம், அவை வெள்ளியாக இருந்தமையோ செம்பாக இருந்தமையோ அன்று; கந்தரோடை மண்ணிற் கிடைத்தன என்பது பதிவாயிற்று. ஊர்ப் பெயரை இழந்த நாணயம் வாய் பேசாத சாட்சி. எந்த மண் அடுக்கில், எந்த ஓட்டோடு, எந்த மணியோடு கிடந்தது என்பதை, இரவில் மண்வெட்டியோடு வருபவன் எழுதி வைப்பதில்லை. அவன் விற்கும் நாணயம் நம் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் அழகாக இருக்கலாம். அது சொல்லவேண்டிய கதை குழியிலேயே அழிந்துவிட்டது.

"நாம் வாங்காவிடின் பிறர் வாங்குவர், அந்நியர் கைக்குப் போவதை நம்மவர் கைக்குக் கொணர்வது தொண்டன்றோ?" என நண்பர் ஒருவர் எம்மோடு வாதித்தார். நல்ல மனத்தோடு கேட்ட வினா அது. ஆதலின் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். அழிந்த சான்றை நமது பணம் மீட்காது. மாறாக, தோண்டினால் விலை உண்டு என்னும் செய்தியை அது தோண்டுபவனுக்குச் சொல்லும். அடுத்த குழிக்கு நாமே கூலி கொடுத்தவர் ஆவோம். நம் பழைமையில் அன்பு மிகுந்தவர் நாமாகையால், நாமே அதிக விலை கொடுப்போம். அதனால் தீங்கும் நம்மாலேயே அதிகமாகும். பாட்டியின் கொட்டைப்பெட்டியில் இருந்த ரூபாயை நினைத்து ஒரு ரூபாய் வாங்குதல் வேறு. மண்ணிலிருந்து களவாடிய காசை வாங்குதல் வேறு. முன்னையதை எச்சரிக்கையோடு செய்க. பின்னையதை, பழைய சேகரத்தைச் சேர்ந்தது என்னும் எழுத்துச் சான்று இல்லாவிடின், எவ்வளவு மலிவாயினும் செய்யாதொழிக.

இறுதியாகக் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாகக் கட்டடங்களும் கேடயங்களும் வருகின்றன, மகிழ்ச்சியே. அவற்றோடு நூலகத்தில் ஒரு சிறு நாணய அலுமாரியும் அமைதல் வேண்டும் என விரும்புகின்றோம். பெருஞ்செலவு வேண்டியதில்லை. நாணயவியல் நூல்கள் சில, நூறிலொரு கிராம் காட்டும் தராசு ஒன்று, உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று, ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் ஆகியன போதும். பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் எஞ்சியிருக்கும் நாணயம் ஒன்றை, சட்டத்துக்கு அமைய, அலுமாரிக்குக் கொடுக்கலாம். ஆயின் அதனோடு ஒரு பக்கத்தில் அதன் கதையையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும்: யாருடையது, எந்த ஊர் வீட்டில் இருந்தது, எவ்வாறு தப்பியது என்பன. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் ஒரு ரூபாய் ஏலத்திற் சில ஆயிரம் பெறும். இடப்பெயர்வின்போது ஒரு தாய் சேலைத் தலைப்பில் முடிந்து கிளாலிக் கடலைக் கடந்த ஒரு ரூபாய்க்கு, அந்தக் கதை எழுதப்பட்டிருக்குமாயின், ஏலத்தில் விலையே இல்லை. இன்று அதனைச் சொல்லக்கூடியவர்கள் முதியவர்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்தல் நம் கடன்.

அத்தகைய அலுமாரியின் முன் நின்று பழகும் மாணவன், நிறை பார்க்கவும், விளிம்பு பார்க்கவும், எங்கிருந்து வந்தது எனக் கேட்கவும் இளமையிலேயே கற்றுக்கொள்வான். பின்னாளில் அவன் நாணயம் வாங்கினும் வாங்காவிடினும், எந்தப் பொருளையும் எந்தச் சொல்லையும் உரைத்துப் பார்த்து ஏற்கும் பழக்கம் அவனுக்கு வாய்க்கும். அது நமது கல்லூரி தன் மைந்தர்க்கு என்றும் கொடுத்து வந்த செல்வமே. அச்செல்வம் மேலும் வளர்வதாக! கல்லூரி அன்னை நீடு வாழ்க!